வாயைத் திறந்து காட்டிய அக்கா

அக்கா போய் ஓர் ஆண்டு ஆகிவிட்டது. நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் கேட்டுக்கொண்டாள். எனக்கு எழுத்து அதிகம் வராது. பார்த்ததை எழுதுகிறேன். விட்டுப்போனது இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா பிறந்தது நம் தோட்டத்தில், மூன்றாவது லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீட்டில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார்கள். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அக்கா ஆறாம் வகுப்பு முடித்தார். கணக்கில் அவர்தான் முதல் ஆள் என்று வாத்தியார் வீட்டுக்கே வந்து சொன்னாராம். மேலே படிக்க வேண்டுமானால் சிரம்பான் டவுனுக்குப் போக வேண்டும். அந்த நாளில் தோட்டத்துக்குள் பஸ் வராது. அடுத்த வாரமே அம்மாவோடு மரம் வெட்டப் போனார்.

விடியுமுன் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்துவிட்டு மலை ஏற வேண்டும். பால் எடுத்து முடியும் வரை சாப்பாடு கிடையாது. பசிக்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் ஒரு கிள்ளு புகையிலையும் வைத்து மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். பசி தெரியாது. பல்வலியும் தெரியாது. பதினாலு வயதில் அக்காவுக்கும் அம்மாவே மடித்துக் கொடுத்தார். அன்று முதல் அது அக்காவின் இடது கன்னத்தில் இருந்தது. தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். அதைக் கெட்ட பழக்கம் என்று யாரும் நினைத்ததில்லை. சோறு போல அதுவும் ஒன்று.

அம்மா இறந்தபோது எனக்குப் பத்து வயது. அக்காதான் சோறு போட்டார், சட்டை தைத்தார், பள்ளிக்கு விரட்டினார். நான் ஒழுங்காகப் போகவில்லை. அது அவர் குற்றம் இல்லை.

தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். அத்தான் பால் லோரி ஓட்டினார். நல்ல மனிதர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். ஆனால் ஒரு சிகரெட் முடியும் முன் அதிலேயே அடுத்ததைப் பற்றவைப்பார். ஐம்பது வயதுக்குள் நுரையீரலில் கட்டி வந்தது. ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். அந்த ஏழு மாதமும் அக்கா வேலைக்கும் போனார், அவரையும் தூக்கி வைத்துப் பார்த்தார். அழுது நான் பார்க்கவில்லை. அத்தானை எடுத்துப் போன மறுநாள், வீட்டில் இருந்த சாம்பல் தட்டைக் கொண்டுபோய் ஆற்றில் எறிந்தார். திரும்பி வந்து மகளுக்குச் சமைத்தார்.

பிறகு தோட்டம் மாறியது. கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். பாதிப் பேர் டவுன் பக்கம் மம்பாவுக்கும் அம்பாங்கானுக்கும் குடிபோனார்கள். அக்கா லயத்திலேயே இருந்தார். செம்பனைக்கு உரம் போட்டார். நான் டிராக்டர் ஓட்டினேன். நானும் அந்த டிவிஷனுக்கே வந்துவிட்டேன், என் வீடு அடுத்த லயம்.

சில ஆண்டுகளுக்கு முன் அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தோட்டத்து மண்டபத்துக்கு ஆட்கள் வந்தார்கள். சிகரெட்டை விடுவது பற்றிப் பேசினார்கள். பேசியவர் ஒரு தாதி. நம் பேச்சில் மிஸ்ஸி. தெமியாங்கில் வளர்ந்த தமிழ்ப் பெண். படங்கள் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். கறுத்துப்போன நுரையீரல் படம். ஆண்கள் அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"வீடு வீடாப் போய்ப் பேச ஓர் ஆள் வேணும் அம்மா."

"ஆள் வந்தாச்சு. எப்ப ஆரம்பிக்கணும்?"

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். யார் யார் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று மிஸ்ஸி கேட்கவே தேவை இல்லை. எல்லாரும் அக்காவுக்குத் தெரிந்தவர்கள். கிளினிக்கில் வியாழக்கிழமை வகுப்பு. அக்கா ஆண்களை வேனில் ஏற்றிவிட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்துவார். கல்யாண வீட்டு வாசலில் சிகரெட் டின் வைப்பது நம் வழக்கம். ஒரு கல்யாணத்தில் டின்னை எடுத்துவிட்டு மிட்டாய் வைத்தார். மாப்பிள்ளையின் மாமா சண்டைக்கு வந்தார்.

"என்னம்மா இது? நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களா?"

"மிட்டாய் தின்னு செத்தவன் ஒருத்தன சொல்லுங்க மாமா. நானே டின்ன கொண்டாந்து வைக்கிறேன்."

"எங்கப்பா சீனி வியாதியிலதான் போனாரு."

"அவரு சிகரெட்டும் சேத்துல்ல பிடிச்சாரு."

பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டார். டின் திரும்பி வரவில்லை.

என்னையும் விடவில்லை. ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு அத்தான் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். சுவரில் இருந்த அவர் முகத்தைப் பார்க்கச் சொன்னார். "இப்ப பத்த வை, பாப்போம்" என்றார். தீப்பெட்டி கையில் இருந்தது. என்னால் முடியவில்லை. அதோடு சிகரெட்டை விட்டேன்.

இத்தனையும் அக்கா செய்தது கன்னத்தில் புகையிலையோடு.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அக்காவும் மறைத்ததில்லை. பொதுவில் சொல்லச் சொன்னதே அவர்தான். புகை வந்தால்தான் கெடுதல் என்று இருந்துவிட்டோம். பேச்சு நடக்கும்போது பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மண்டபத்துக்குப் பின்னால் போய் வெற்றிலை எச்சில் துப்பிவிட்டு வந்து, ஆண்கள் திருந்த வேண்டும் என்று தலையாட்டுவார்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. அவள்தான் எல்லாரையும்விட அதிகம் போடுவாள்.

நாலாவது தடவை வந்தபோது மிஸ்ஸி கை கழுவப் பின்னால் போனார். வாய்க்கால் ஓரம் முழுக்கச் சிவப்பு.

"அம்மா, இது என்ன?"

"வெத்தலைலா மிஸ்ஸி. எங்க பொம்பளைங்க போடுறது. ரத்தம்னு பயந்துட்டீங்களா?"

"உள்ள என்னென்ன வச்சுப் போடுறீங்க?"

அக்கா இடுப்பிலிருந்த பையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து மிஸ்ஸியின் கையில் வைத்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா. கடைசியில் கறுப்பாக ஒரு துண்டு.

மிஸ்ஸி அதை முகர்ந்து பார்த்தார். "ஆம்பளைங்க கையில இருந்து இதத்தானம்மா நாம புடுங்கிட்டு இருக்கோம்."

 நான் பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டு இருந்தேன். அக்கா பேசாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

"நானும் கேட்டிருக்கணும். சிகரெட்டைப் பத்தியே பேசிட்டுப் போயிட்டேன்" என்றார் மிஸ்ஸி.

"சரி. ரெண்டு பேருமே கேக்கல. இப்ப என்ன செய்யணும்?"

"பல் டாக்டரக் கூட்டிட்டு வரேன். எல்லாரும் வாயக் காட்டணும்."

வாயைக் காட்டுவது என்றால் சின்ன விஷயம் இல்லை. முப்பது நாற்பது வருஷக் காவி. வாயைப் பொத்திச் சிரித்தே பழகியவர்கள். டாக்டர் வேறு இளைஞர். அன்று காலை பெண்கள் எல்லாரும் மண்டபத்து வெளியே நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. "மகன் வயசுப் பையன் முன்னாடி எப்படித் தொறக்கிறது?" என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அக்காதான் முதலில் போய் உட்கார்ந்தார். "ஒண்ணும் செய்யமாட்டாங்க, பாருங்க" என்றார். மற்றவர்களின் பயம் போக வேண்டும் என்று உட்கார்ந்தவர் அவர்.

டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்காவின் முகம் கூரையைப் பார்த்து இருந்தது. டாக்டரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. வெளியே நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அக்காவுக்குப் பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பத்து நிமிடத்தில் வாசல் காலி.

கன்னத்தில் புற்றுநோய். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். இடது கன்னத்தின் உள்சதையும் தாடை எலும்பில் ஒரு பகுதியும் எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழைந்துபோனது. கஞ்சி மட்டும்தான் இறங்கும்.

கண் விழித்த மூன்றாம் நாள் காகிதமும் பேனாவும் கேட்டார். ஏதோ வேண்டும் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "அன்று எத்தனை பேர் காட்டினார்கள்" என்று எழுதிக் கேட்டார். அதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் ஒரு விரலைக் காட்டி அவரையே காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். வலியால் மூடவில்லை. அது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் வெளியே வரவில்லை. முகத்தைக் காட்ட வெட்கம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மூன்றாவது மாதம் ஒரு காலை என் வீட்டு வாசலில் நின்றார். வெயிலில் நடந்து வந்திருந்தார். முகத்தை எதைக் கொண்டும் மூடவில்லை.

"சொல்லியிருந்தா மோட்டார் சைக்கிள எடுத்துட்டு வந்திருப்பேனேக்கா."

"உன்னப் பாக்க வரல" என்றார். அதுவே எனக்கு இரண்டு தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது. என்னைத் தாண்டிச் சமையல்கட்டுக்குப் போனார். என் மனைவி மீன் கழுவிக்கொண்டு இருந்தாள்.

"வாயக் காட்டு."

என் மனைவிக்கும் அக்காவுக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகாது. அது உறவினர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கல்யாணமான வாரம் இவள் வைத்த குழம்பில் உப்பு இல்லை என்று அக்கா நாலு பேர் முன்னால் சொன்னார். இவள் அதை இன்னும் மறக்கவில்லை.

"அண்ணி, உங்களுக்கு வந்தா எல்லாருக்கும் வந்துடுமா? எங்கம்மா சாகுற வரைக்கும் போட்டாங்க. பல்லுதான் போச்சு."

அக்கா உட்கார்ந்தார். ஆறிய காப்பி ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். அதே வார்த்தை. "வாயக் காட்டு." அவர் போனதும் என் மனைவி என்னிடம் பாய்வாள்.

"ஆம்பளைங்க வாயில இருந்து சிகரெட்ட புடுங்குனாங்க. இப்ப என் வாய்க்குள்ளயே கைய வைக்க வராங்க. நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. சில மாதமாக வீட்டில் குழம்பில் காரம் குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் என் வயிற்றுக்காக என்றாள். என் வயிறு நன்றாகத்தான் இருந்தது. அவள் சாப்பிடும்போது தண்ணீர்க் குவளையை வாயில் வைத்தே இருப்பாள். இதை அக்காவிடம் நான் சொன்னேன். அது என் மனைவிக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

மற்ற நாட்களில் அக்கா லயம் லயமாகப் போனார். பேசினால் புரியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் பேசவில்லை. வாசலில் நின்று, வீட்டுப் பெண் வெளியே வந்ததும் வாயைத் திறந்து காட்டினார். ஒரு சின்ன டார்ச்லைட் வைத்திருந்தார். அதை உள்ளே அடித்துக் காட்டினார். தைத்த இடம், எலும்பு இல்லாத இடம், எல்லாம் தெரியும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அக்கா நின்றார். அவர்கள் திரும்பிப் பார்க்கும் வரை வாயைத் திறந்தபடி நின்றார்.

மோட்டாரில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் தூரத்தில் நிற்பேன். செம்பனை அறுவாள் பட்டுத் துண்டான ஒரு விரல் எனக்கு உண்டு. அதையே இன்றுவரை நான் சட்டைப் பையில் மறைத்து வைக்கிறவன். ஒரு பெண் தன் முகத்தை, தன் வாயை, அப்படி ஊருக்குக் காட்டிக்கொண்டு நிற்க எங்கிருந்து பலம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவரைப் பார்க்கும்போது என் கை தானாகப் பையிலிருந்து வெளியே வரும்.

அப்படியும் யாரும் கிளினிக்குக்குப் போகவில்லை.

பதினோராவது வெள்ளியா, பன்னிரண்டாவதா என்று நினைவில்லை. அக்கா வந்து சமையல்கட்டில் உட்கார்ந்தார். அன்று வாயைக் காட்டு என்று சொல்லவில்லை. மூச்சு வாங்கியது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்.

"எனக்கு இன்னமும் அது வேணும்னு இருக்கு. காலையில எந்திரிச்சா கை இடுப்புலதான் போய்த் தேடுது. நேத்து ஒரு கிள்ளு வாங்கி வச்சுட்டேன். வாயில போடல. வீட்டுல இருக்கு. நான் விட்டுட்டேன்னு பெருமை பேச வரல புள்ள. தனியா என்னால முடியல. நீயும் விட்டா எனக்குத் துணையா இருக்கும்."

என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். முப்பது வருஷத்தில் அக்கா அவளிடம் எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் இருக்கிறார்.

"எங்க வச்சிருக்கீங்க?" என்றாள்.

"அரிசி டின்னுல."

இவள் அடுப்பை அணைத்தாள். இரண்டு பேரும் நடந்தே போனார்கள். நானும் பின்னால் போனேன். அரிசி டின்னில் கைவிட்டு இவள் எடுத்தாள். தன் இடுப்புப் பையையும் அவிழ்த்தாள். இரண்டையும் சேர்த்துக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வந்து, வெளிச்சம் விழும் பக்கம் முகத்தைத் திருப்பி, அக்காவுக்கு வாயைத் திறந்து காட்டினாள்.

வலது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. நகத்தளவு.

நானே அன்றே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். இன்னும் கெட்டதாக மாறவில்லை, புகையிலையும் பாக்கும் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு நான் வெளியே வந்து மோட்டாரைத் துடைத்துக்கொண்டு இருந்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை.

விடுவது எளிதாக இருக்கவில்லை. இவள் நாள் முழுக்க அசாம்போய் என்கிற உப்புப் பழ வற்றலைச் சப்பினாள். புளிப்பும் உப்பும் சேர்ந்து கன்னத்தை இன்னும் எரித்தது. அக்கா சோம்பு வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே விட்டார்கள். அக்காவின் பேச்சு எங்களுக்குப் பாதிதான் புரியும். இவளுக்கு முழுதும் புரிந்தது. அதனால் லயத்துக்குப் போகும்போது இவளும் கூடப் போனாள். அக்கா வாயைத் திறப்பார், இவள் பேசுவாள்.

"எங்க அண்ணி என்ன சொல்றாங்கன்னா, கொழுப்பெடுத்துப்போய் வீட்டுல உக்காந்துட்டு இருக்காதீங்க, வந்து காட்டுங்கன்னு சொல்றாங்க."

அக்கா இவள் கையில் ஓர் அடி வைப்பார். "நான் அப்பிடிச் சொல்லல."

"அவங்க மரியாதைக்குச் சொல்லல. மனசுல அதுதான் இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்தபோது வாயைப் பொத்தவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

அடுத்த தடவை பல் டாக்டர் வந்தபோது மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. மத்தியானம் தாண்டியும் வரிசை நின்றது. அம்பாங்கானுக்குக் குடிபோனவர்கள் கூட வந்திருந்தார்கள். அதில் இன்னும் இரண்டு பேருக்கு நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார்கள். இரண்டு பேரும் நலமாக இருக்கிறார்கள். இந்த மலர் அவர்கள் கையிலும் இருக்கும். அக்கா அன்று முழுக்க ஓரமாக உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.   அப்படி ஒரு வரிசையை நான் கோயில் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு மட்டும் நேரம் தாண்டிவிட்டது. கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. இன்னோர் அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசி ஐந்து வாரம் என் வீட்டில் இருந்தார். என் மனைவிதான் கஞ்சி ஊட்டினாள். "உப்பு இருக்கா அண்ணி?" என்று ஒவ்வொரு வேளையும் கேட்பாள். அக்கா கண்ணால் சிரிப்பார். ஒரு காலை கஞ்சி கொண்டுபோனபோது மூச்சு அடங்கியிருந்தது.

இறந்த வீட்டில் வெற்றிலைத் தட்டு வைப்பது நம் முறை. வருகிற பெண்களுக்குப் புகையிலை, ஆண்களுக்குச் சிகரெட். அத்தான் வீட்டுப் பெரியவர் முறை தவறக் கூடாது என்று எல்லாம் வாங்கிவந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தட்டை வைத்தார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என் மனைவி எழுந்து போய்த் தட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இந்த வீட்டுல வேணாம் மாமா."

"தட்டு இல்லன்னா வந்தவங்க என்னம்மா சொல்லுவாங்க?"

"அண்ணி படுத்திருக்காங்க. அவங்க முகத்த பாருங்க. பாத்துட்டு, யாருக்கு வேணும்னு நீங்களே ஒவ்வொருத்தரா கேளுங்க."

பெரியவர் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை. தட்டைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தியிருந்த தன் காடியில் வைத்துவிட்டு வந்து, பெட்டி ஓரம் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து நம் தோட்டத்தில் மூன்று சாவு விழுந்தது. மூன்று வீட்டிலும் அந்தத் தட்டு இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைக் கடைசி வரை வீட்டுக்கு வந்து பார்த்த மிஸ்ஸிக்கு. அறுவை செய்த டாக்டர்களுக்கும் தாதிகளுக்கும். வேன் கொடுத்த, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு. பெட்டி தூக்கியவர்களுக்கு. பந்தல் போட்ட பிள்ளைகளுக்கு. முகத்தைத் திருப்பாமல் அக்காவைப் பார்த்த ஒவ்வொரு பெண்ணுக்கும். திருப்பிக்கொண்டு, பிறகு வந்தவர்களுக்கும்.

நினைவு நாள் பூசை தோட்டத்து மண்டபத்தில் நடக்கிறது. பூசை முடிந்ததும் சாப்பாடு. விடுமுறை நாள்தான், இருந்தாலும் மிஸ்ஸியும் பல் டாக்டரும் வருகிறார்கள். மண்டபத்தின் இடப்பக்கம் நாற்காலியும் விளக்கும் போட்டிருக்கும். வந்திருக்கும் உறவினர்கள், ஆணோ பெண்ணோ, முதலில் அங்கே போய் வாயைக் காட்டிவிட்டுப் பந்திக்கு வரவும்.

பந்தி வாசலில் என் மனைவி நிற்பாள். காட்டாதவர்கள் அவளைத் தாண்டிப் போக முடியாது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.